லிட்டருக்கு எட்டு

வேங்கிக்கால்
14 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே மூவரும் சுகம். அம்மாவின் காலை மாத்திரைகளில் ஒன்றை டாக்டர் நிறுத்திவிட்டார். இனி நிதானமாக நடக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். உனக்கு இருமல் விட்டதா? இந்தூர் வெயில் இதற்குள் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ போனில் பேசுகிற அழகு எனக்குத் தெரியும். அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். நீ "சாப்பிட்டீங்களா" என்பாய். அப்பா வாசற்படியில் நின்று செருப்பைத் தேடுவார். நீ போனை வைக்கும்வரை அந்தச் செருப்பு கிடைக்காது. ஒரு வருஷத்துக்கு மேலாக நம் வீட்டுப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் காகிதம். பதிலை என் அலுவலக முகவரிக்கே போடு.

விஷயம் நம் வண்டியைப் பற்றியது. பக்கத்து வீட்டுச் சக்கரவர்த்தி சார் பெரிய கார் ஒன்று எடுத்திருக்கிறார். டீசல். இரண்டேகால் லிட்டர் என்ஜினாம். நீ வாங்கிக்கொடுத்த நம் வண்டிக்கு இரண்டரை. நேற்று காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னுது லிட்டருக்குப் பதிமூணு கிலோமீட்டர் குடுக்குது சார். உங்களுது எவ்ளோ? பையன் வண்டி டெஸ்ட் பண்ற எடத்துல இருக்கான்னு சொன்னீங்களே" என்றார். அப்பா சண்டைக்குப் போவார் என்று காத்திருந்தேன். அவர் "எட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். எனக்கு அதுதான் ஆச்சரியம்.

ஏறக்குறைய ஒரே அளவு என்ஜின். ஒன்று பதிமூன்று ஓடும்போது இன்னொன்று ஏன் எட்டில் நிற்கிறது? உனக்குச் சோறு போடுகிற கேள்வி இது. பெரிதாகவே எழுது.

கார்த்திகை தீபத்துக்காவது வருவாயா? இதற்கு உடனே பதில் வேண்டாம். யோசி.

உன் தங்கை,
கீதாஞ்சலி

---

இந்தூர்
28 ஜூன் 2025

அன்புத் தங்கை கீதாவுக்கு,

இருமல் போய்விட்டது. சப்பாத்திதான் போக மாட்டேன் என்கிறது. மற்றபடி நலம்.

காகிதம் நல்ல யோசனை. சோதனைத் தடத்துக்குள் போகும்போது போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுத முடிகிறது.

எல்லோரும் ஒரு தப்புச் செய்கிறார்கள். என்ஜின் எத்தனை லிட்டர் என்பதை வைத்து அது எவ்வளவு குடிக்கும் என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டரை லிட்டர் என்பது உள்ளே இருக்கிற இடம், அவ்வளவுதான். இரண்டு பேருக்கு நுரையீரல் ஒரே அளவு என்று வைத்துக்கொள். ஒருவன் வெறுங்கையோடு தேரடித் தெருவில் போகிறான். இன்னொருவன் நெல் மூட்டையோடு மலை ஏறுகிறான். யாருக்கு மூச்சு வாங்கும்? நம் வண்டியின் அடியில் லாரிக்கு இருப்பதுபோல் ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது. அதன்மேல் உடம்பைப் பூட்டியிருக்கிறார்கள். கனம் அதிகம். உயரமும் அதிகம் என்பதால் காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகும். அவருடையது தாழ்வாக, கனம் குறைவாக இருக்கும். அப்புறம் கியர். எண்பது வேகத்தில் ஒரு வண்டியின் என்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றினால் இன்னொன்று இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றும். சாலையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் போகும். உள்ளே ஒன்றுக்கு மட்டும் உழைப்பு ஜாஸ்தி.

ஆனால் இதெல்லாம் சேர்ந்தாலும் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் வித்தியாசம் வரும். ஐந்து வராது. அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் குலுங்காமல் கூட்டிப்போகவேண்டும் என்று நானே நாலு வண்டி ஓட்டிப் பார்த்து எடுத்தது அது. பதினொன்றுக்குக் குறையாது. எட்டு என்றால் முதலில் டயரில் காற்றைப் பார். மேலே கேரியர் இன்னும் இருந்தால் கழற்றச் சொல். அதுவும் சரியாக இருந்தால் ஓட்டுகிறவரைப் பார்.

தீபத்தைப் பற்றி நீதானே பதில் வேண்டாம் என்றாய்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்பு

---

வேங்கிக்கால்
22 ஜூலை 2025

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். இரண்டு நாளாக மாலையில் மழை. அம்மா மிளகாய் வற்றலை மாடிக்கும் கூடத்துக்குமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். உன்னைக் கேட்டதாகச் சொன்னேன். "அதான் போன்ல கேட்டானே, உங்கிட்ட தனியா எப்ப கேட்டான்?" என்று என்னை மடக்கினாள். இனிமேல் இப்படிச் சேதி அனுப்பாதே.

டயரில் காற்று குறைவாகத்தான் இருந்தது. அடித்தாயிற்று. கேரியரையும் கழற்றியாயிற்று. 'ஓட்டுகிறவரை'யும் பார்த்தேன். இந்த வீட்டில் அவரை அப்பா என்று கூப்பிடுவோம்.

போன வாரம் வேலூரில் ஒரு கல்யாணம். சக்கரவர்த்தி சார் குடும்பமும் வந்தது. நான் ஒரு ஏற்பாடு செய்தேன். இரண்டு வண்டிகளும் நம் ஊர் பங்க்கில் வாய் வரை டீசல் போட்டுக்கொண்டு கிளம்பி, அதே சாலையில் போய்வந்து, அதே பங்க்கில் திரும்ப வாய் வரை நிரப்பவேண்டும். அதற்கு முன்னால் அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்று கேட்டேன். டீசல் முள் பாதியில் இருக்கும்போது பார்ப்பாராம், மறுபடி பாதிக்கு வரும்வரை போட்டுக்கொள்வாராம். பாதி என்றால் எந்தப் பாதி என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒரு அந்தாஜ் கணக்குதான் பாப்பா" என்றார்.

முடிவு இதுதான். அவருடையது பன்னிரண்டரை. நம்முடையது பதினொன்றரை. நீ சொன்னதுபோல் ஒன்றே ஒன்று. அன்று சாயங்காலம் அவர் சுவர்ப் பக்கமே வரவில்லை. அம்மா, "பாவம்" என்று சொல்லி அவர் வீட்டுக்கு அதிரசம் கொடுத்தனுப்பினாள்.

ஆனால் அண்ணா, இந்த வாரம் நிரப்பிப் பார்த்தபோது மறுபடி எட்டு. வண்டி அதே வண்டி. வேலூருக்குப் போனவரும் அப்பாதான். என்ன மாயம் இது?

அப்பாவுக்கு இடது முட்டி மோசமாகிக்கொண்டிருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் விடிவதற்கு முன்பே அவரும் அம்மாவும் கீழ்பென்னாத்தூர் நிலத்தைப் பார்க்கப் போகிறார்கள். திரும்பி வந்ததும் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். வண்டிக்குள் எப்போதும் முட்டிக்குப் போடும் தைல வாசனை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கீதா

---

இந்தூர்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கீதா,

நலமே. உன் வேலூர்ச் சோதனையை இங்கே கோபியிடம் படித்துக் காட்டினேன். கோபி என்னோடு வண்டி ஓட்டுகிறவன், செங்கத்துக்காரன். "உன் தங்கச்சிய இங்க சேத்துவுடு, நாம ஊருக்குப் போலாம்" என்றான்.

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. வண்டியை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் குறை. பெரிய என்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. ஓடும்போது அது நியாயமாகத்தான் குடிக்கும். நிற்கும்போதுதான் மோசம். தன் கனமான உறுப்புகளைச் சுழற்றிக்கொண்டிருக்கவே அதற்கு டீசல் வேண்டும். அதோடு ஏசியும் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் காலி, கிலோமீட்டர் பூஜ்யம். எட்டு என்றால் அந்த வண்டி எங்கேயோ நின்றபடியே குடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கே நிற்கிறது? ஒன்று, லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். இல்லையென்றால் நிலத்தில் வேலையாளை விட்டுவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். எனக்கு இரண்டாவது என்றுதான் தோன்றுகிறது. போன வருஷம் சித்ரா பௌர்ணமி அன்றும் நிலம்தானே பெரிதாக இருந்தது? நெஞ்சைக் கிழித்துத் தைத்த அம்மா கூட்டத்தில் தனியாகக் கிரிவலம் போய், அடி அண்ணாமலையில் மயங்கி விழுந்து, யாரோ தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். "அம்மா பின்னாடி போறதுக்குக் கூட உங்களுக்கு நேரம் இல்லியா?" என்று வராந்தாவில் வைத்துக் கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. பதில் இல்லாதவரோடு எனக்கும் பேச்சு இல்லை. அம்மாவிடம் மட்டும் என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன், இனி கிரிவலம் கிடையாது என்று.

நீ ஒன்று செய். அவர்கள் நிலத்துக்குப் போவதற்கு முந்தைய சாயங்காலம் மீட்டரில் 'ட்ரிப்' என்று இருப்பதை அழுத்திப் பூஜ்யமாக்கு. திரும்பி வந்ததும் தூரமும் சராசரி வேகமும் என்ன காட்டுகிறது என்று குறித்து அனுப்பு. யாரிடமும் சொல்லாதே.

அன்பு

---

வேங்கிக்கால்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் நலம்.

அலுவலகத்தில் வேலை அதிகம். கலெக்டர் ஆபீசைச் சுற்றி புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. நம் மாடியிலிருந்து மலை முன்புபோல் முழுசாகத் தெரிவதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் தெரிகிறது. சாயங்காலம் அங்கேதான் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறேனா என்று கேட்காதே.

விநாயகர் சதுர்த்திக்கு அம்மா பூரணக் கொழுக்கட்டை செய்தாள். உன் பங்கை அப்பா எடுத்து வைத்தார். கெட்டுப்போகும் என்றேன். "இருக்கட்டும்" என்றார். மறுநாள் அவரே சாப்பிட்டார்.

மீட்டரைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை இப்போது எழுத முடியவில்லை.

கீதா

---

இந்தூர்
8 செப்டம்பர் 2025

கீதா,

நலம். நீயும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தில் வீடு இருக்கிறது, மலை இருக்கிறது, கொழுக்கட்டை இருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை. சின்ன வயதிலிருந்தே நீ ஒன்றை மறைத்தால் அதைச் சுற்றி அழகாகக் கோலம் போடுவாய்.

அவர் சொல்லாதே என்றாரா? அப்படியென்றால் நான் நினைத்தது சரி. வண்டி என் பெயரில் இருக்கிறது. அம்மாவின் ஆஸ்பத்திரிக்காக வாங்கினேன், யாரும் படுத்துத் தூங்க அல்ல. அவளுடைய பரிசோதனைக்கு இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும், அதற்கு வாடகைக் கார் போதும். ஆரணியில் என் நண்பன் ஒருவன் வாங்கிக்கொள்கிறேன் என்கிறான். தீபாவளிக்கு முன்னால் ஆள் அனுப்புகிறேன். சாவியைக் கொடுத்துவிடு.

அம்மாவுக்கு வருத்தமில்லாமல் நீதான் பக்குவமாகச் சொல்லவேண்டும்.

அன்பரசன்

---

வேங்கிக்கால்
16 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கோபத்திலும் நலமாக இரு.

நான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஒரு விஷயத்தை உனக்கு எழுதமாட்டேன் என்று. அதை மீறமாட்டேன். ஆனால் மீட்டரில் இருக்கிற எண்களைச் சொல்லக்கூடாது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. வண்டி பேசும் என்று நம் வீட்டில் உனக்கு மட்டும்தானே தெரியும்.

தூரம்: இருபத்தொரு கிலோமீட்டர்.
சராசரி வேகம்: மணிக்கு ஐந்து.

மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் கிட்டத்தட்ட இதேதான். கீழ்பென்னாத்தூர் போய்வர நாற்பது ஆகும் என்று உனக்குத் தெரியும். இந்த இருபத்தொன்றில் போக மூன்றரை, வர மூன்றரை, ஏழு கிலோமீட்டர் சாதாரணமாக ஓடுகிறது. மிச்சத்தை நீயே கழித்துக்கொள். மிச்சம் வருகிற தூரத்துக்கு நம் ஊரில் எந்தச் சாலை இருக்கிறது என்று பார். அந்த வேகத்தில் என்ன போகும் என்றும் யோசி.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு முடியும்வரை ஆளை அனுப்பாதே.

கீதா

---

வேங்கிக்கால்
18 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

நலமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. போனிலும் அம்மாவிடம் வேலை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். நீ எப்போது போன் செய்தாலும் அப்பா செருப்பைத் தேடுவது மட்டும் மாறவில்லை.

ஆரணியிலிருந்து யாரும் வரவில்லை. வருவார்கள் என்று ஒவ்வொரு நாளும் வாசல் கேட் சத்தத்தைக் கேட்டபடி இருக்கிறேன். நான் சொன்னது தப்போ, சொன்ன விதம் தப்போ என்று இருக்கிறது. வண்டி போய்விட்டால் இந்த வீட்டில் எது நின்றுபோகும் என்று உனக்கு நான் எழுத முடியாது. நீயாகத் தெரிந்துகொண்டிருந்தால் ஒரு வரி எழுது.

நாளை மறுநாள் தீபாவளி. உனக்கும் ஒரு சட்டை எடுத்திருக்கிறது. நிறம் நான் தேர்ந்தெடுத்ததில்லை.

கீதா

---

இந்தூர்
27 அக்டோபர் 2025

அன்புள்ள கீதா,

நான் நலம். உடம்பு நலம் என்று வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே கழித்துவிட்டேன். பதினான்கு. எங்கள் தடத்தில் மேனேஜர் பக்கத்தில் இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நம் ஊர்க்காரன் யாரிடமும் பதினான்கு கிலோமீட்டர் என்று சொல்லிப் பார், எந்தச் சாலை என்று கேட்கமாட்டான், கிரிவலப் பாதை என்பான்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவைத் திரும்பவும் நடக்க விட்டிருக்கிறாரே என்று. சத்தியம் என்னவாயிற்று என்று அம்மாவிடமே கேட்கப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். கோபத்தில் கணக்குத் தப்பக்கூடாது என்று இன்னொரு தடவை போட்டேன். நடப்பது அம்மா. மீட்டர் ஓடுவது வண்டியில். இரண்டும் ஒரே வேகத்தில் ஒரே தூரம் போயிருக்கின்றன.

அதை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. போன மாதக் கடைசியில் ஒருநாள் வேலை முடிந்ததும் நம் வண்டி மாதிரியே கனமான ஒன்றை எடுத்தேன். கோபியை முன்னால் நடக்கச் சொல்லி, பின்னால் போனேன். "போலீஸ்காரன் மாதிரி பின்னாடியே வரியேடா" என்றான். பெரிய டீசல் என்ஜின் முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாவிட்டாலும் நடக்கிற ஆளைவிட வேகமாகப் போகும். அதனால் கிளட்ச்சை மிதிக்கவேண்டும், விடவேண்டும், மறுபடி மிதிக்கவேண்டும். அரை மணி நேரத்தில் என் கால் நடுங்க ஆரம்பித்தது. எனக்கு முப்பத்தொரு வயது. முட்டி நல்ல முட்டி.

எந்த முட்டி என்று உன்னைக் கேட்டு எழுத நினைத்தேன். அப்புறம் உன் ஜூலைக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். இடது. கிளட்ச் கால்.

அதற்கப்புறம் எழுத உட்கார இத்தனை நாள் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்டதை அவர் மறக்கவில்லை என்று தெரிகிறது.

வண்டியை விற்கவில்லை. அப்பாவிடம் ஒன்று சொல். பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போகவேண்டாம். அரைக் கிலோமீட்டர் முன்னால் போய் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு இருக்கட்டும். அம்மா வந்து சேர்ந்ததும் இன்னொரு அரைக் கிலோமீட்டர். கிளட்ச் பிழைக்கும், முட்டி பிழைக்கும், மைலேஜும் பத்துக்கு மேல் வந்துவிடும்.

உன் வாக்கை நீ மீறவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்.

அன்பு

---

வேங்கிக்கால்
8 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடியில் உட்கார்ந்து படித்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் உன் பேச்சைக் கேட்டு மீட்டரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த தடவை விடிந்த பிறகு ஸ்கூட்டரில் தேடிப் போனேன். அடி அண்ணாமலையைத் தாண்டித்தான் அவர்களைப் பிடித்தேன். அம்மா இடது ஓரமாகச் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். பின்னால் நம் வண்டி, இரண்டு பக்கமும் விளக்குகள் விட்டு விட்டு எரிய, மாடு மேய்க்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர்கள் ஒதுங்கும்போது ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். டீக்கடையில் ஒருவர் என்னிடம், "அது ரிப்பேர் வண்டி இல்லம்மா. வாரத்துல ரெண்டு தரம் இப்டித்தான் போவுது" என்றார்.

வழியிலுள்ள லிங்கக் கோயில் ஒவ்வொன்றிலும் அம்மா நின்று கும்பிடுவாள். அப்பா கண்ணாடியை இறக்கி, "ஏறிக்கிறியா?" என்பார். அம்மா "வேணாம்" என்பாள். தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுப்பாள். கண்ணாடி ஏறும். எட்டு லிங்கத்துக்கும் இவ்வளவுதான் பேச்சு. உள்ளே ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அவள் ஏறினால் உடனே குளிர்ச்சியாக இருக்கவேண்டுமாம். இதுவரை ஒருநாளும் ஏறியதில்லை. பௌர்ணமிக்கு அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், அதனால்தான் இப்படி வெறும் நாளில்.

சத்தியத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "தனியா போவ மாட்டேன்னுதானே சொன்னேன். நான் தனியாவா போறேன்?" என்றாள். டாக்டரையும் கேட்டுவிட்டாளாம்.

என்னைப் பார்த்ததும் அப்பா வண்டியை நிறுத்தினார். "அன்புக்கு எழுதிடாத. உங்கம்மாவ மறுபடி நடக்கவுட்டேன்னு அவன் மனசு கஷ்டப்படுவான்" என்றார். அதுதான் நான் கொடுத்த வாக்கு.

இப்போது நீயே கண்டுபிடித்துவிட்டாய் என்று சொன்னேன். முட்டியில் இருந்த வெந்நீர்ப் பையை எடுத்துக் கீழே வைத்தார். அப்புறம், "எப்டிக் கண்டுபுடிச்சான்?" என்றார். மைலேஜை வைத்து என்றேன். "அவன் கெட்டிக்காரன்தான்" என்றார். அதை இரண்டு தடவை சொன்னார்.

உன் யோசனையையும் சொன்னேன். முன்னால் போய் நிறுத்தி என்ஜினை அணைப்பது. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முன்னாடி போய்ட்டா கண்ணாடியிலதான் பாக்கணும். கண்ணாடியில ஆளு சின்னதாத் தெரியும். கால் தடுக்குதா, மூச்சு வாங்குதான்னு தெரியாது. பின்னாடி இருந்தாத்தான் தெரியும்." கிளட்ச் போய்விடும் என்று நீ பயப்படுவதாகச் சொன்னேன். "போனா மாத்திக்கலாம்" என்றார்.

இதற்கு உன்னிடம் ஒரு வழி இருந்தால் எழுது.

கீதா

---

இந்தூர்
17 நவம்பர் 2025

அன்புள்ள கீதா,

நலம். ஐந்து வருஷமாக வண்டிகளுக்கு மைலேஜ் எப்படிக் கூட்டுவது என்று சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த வண்டிக்கு மட்டும் வழி தெரியவில்லை.

ஒரே ஒரு வழி தோன்றுகிறது. அம்மாவோடு கூட நடக்க ஒரு ஆள் இருந்தால் அப்பா முன்னால் போய் நிம்மதியாக நிற்கலாம். தீபத்தை ஒட்டிப் பத்து நாள் லீவு கேட்டேன், கிடைத்துவிட்டது. கூட்டம் வடிந்த பிறகு ஒரு நாள் விடியற்காலையில் நான் நடக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லிவிடு. போனில் நானே சொல்லலாம். செருப்பைத் தேடுகிறவரிடம் எப்படிச் சொல்வது?

அன்பு

---

வேங்கிக்கால்
19 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை அம்மா சொன்னாள். பாதக் கொப்புளம் ஆறிவிட்டதா? மஞ்சள் போடச் சொல்கிறாள்.

பத்து நாளும் நீ வீட்டில்தான் இருந்தாய். இருந்தும் இந்தக் கடிதத்தை எழுதவேண்டியிருக்கிறது. நீ வெளியே நடந்தாய், நான் வண்டிக்குள் இருந்தேன். உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது.

அன்று காலை ஈசானிய லிங்கத்தில் அம்மாவும் நீயும் நடக்க ஆரம்பித்தபோது, முன்னால் போய் நிறுத்துவதாகத்தான் அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். வண்டியை எடுத்து உங்களைத் தாண்டினார். கொஞ்ச தூரத்திலேயே ஓரம் கட்டி, என்ஜினை அணைத்தார். நீ சொன்னபடிதான். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நீங்கள் இருவரும் எங்களைத் தாண்டிப் போனதும் ஸ்டார்ட் செய்தார். அதற்கப்புறம் பதினான்கு கிலோமீட்டரும் உங்கள் பின்னால்தான் வந்தோம். நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினாய், முன்னால் போங்கள் என்று. அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

"அப்பா, அவன்தான் கூட இருக்கானே" என்றேன்.

"இவ்ளோ நாள் ஒரு ஆளப் பாத்தேன். இப்ப ரெண்டு பேரு. அவனுக்கு நடந்து பழக்கமே இல்ல. எப்பவும் கார்ல சுத்துறவன். செருப்ப வேற கழட்டிட்டான்" என்றார். இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டே.

வருண லிங்கத்தில் நீ நொண்ட ஆரம்பித்தாய். கண்ணாடியை இறக்கிவிட்டு, அவர் உன்னைக் கேட்டார்: "அன்பு, ஏறிக்கிறியா?" ஒன்றரை வருஷத்தில் அவர் உன்னிடம் நேராகப் பேசியது அதுதான். நீ, "வேணாம்பா, நடக்கறேன்" என்றாய். தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தாய். இது வரைக்கும் உனக்குத் தெரியும்.

அப்புறம் கண்ணாடி ஏறிற்று. அவர் வண்டியை உடனே எடுக்கவில்லை. பாட்டிலை மூடி, இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அவ சொல்ற மாதிரியே சொல்றான் பாரு" என்றார். அவர் குரல் எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். இதற்கு யாரும் என்னிடம் வாக்குக் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதாமல் விடுகிறேன்.

மீட்டரைப் பார்த்தேன். சராசரி வேகம் ஐந்துகூட இல்லை, நான்கு. நீ அம்மாவைவிட மெதுவாக நடக்கிறாய்.

நேற்று சாயங்காலம் சக்கரவர்த்தி சார் சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "பையன் வந்துட்டுப் போனானே, வண்டிய எதுனா சரி பண்ணிக் குடுத்தானா? இப்ப எவ்ளோ தருது?" என்று கேட்டார். அப்பா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டுதான் சார்" என்றார். "எங்குளுக்கு அது போதும்."

உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய். செருப்பு இப்போதெல்லாம் சீக்கிரமே கிடைத்துவிடுகிறது.

உன் தங்கை,
கீதா